சுத்தம் என்று தீர்ப்பெழுதும் கை எது?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மேலோட்டமாகப் பார்த்தால் நம் இயக்கத்துக்குச் சம்பந்தமில்லாதது மாதிரி தெரியும். அரசாங்கத்துக்குச் சொந்தமான ஓர் இடம் நஞ்சேறிக் கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்ய அரசாங்கம் ஒரு பொறியியல் நிறுவனத்தை அமர்த்துகிறது. டெண்டர், மதிப்பீடு, ஒப்பந்தம், மண் மாதிரி, ஆய்வக அறிக்கை, பில். இதுல சாதி எங்க வருது, இனம் எங்க வருதுன்னு கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

'சுத்தம்' என்கிற சொல்லைச் சந்தேகத்தோடு பார்க்க வரலாறு நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. 1927 மார்ச் 20. மகாட் நகரின் சவ்தார் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான நம் மக்களும் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். நகராட்சிக் குளம். பொதுச் சொத்து. குடித்ததால் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு அழுக்கு சேர்ந்ததா? இல்லை. ஆனால் சாதி இந்துக்கள் 108 பானைகளில் சாணமும் மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து கொண்டுவந்து ஊற்றி, மந்திரம் சொல்லி, "இப்போதுதான் குளம் சுத்தமாயிற்று" என்றார்கள். நல்ல தண்ணீரில் சாணத்தைக் கரைத்துவிட்டுச் சுத்தம் என்று அறிவிக்கிற அதிகாரம் அவர்களிடம் இருந்தது. அந்தக் குளத்தில் நமக்கிருந்த உரிமையை உயர்நீதிமன்றம் ஒப்புக்கொள்ள 1937 ஆயிற்று.

ஆகவே ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். எது அழுக்கு, எது சுத்தம் என்பது வெறும் வேதியியல் அல்ல. அது ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை யார் எழுதுகிறார்கள், யார் அதோடு வாழ வேண்டியிருக்கிறது என்பதுதான் அரசியல். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான சான்றுகள்.

முதல் சான்று அமெரிக்காவிலிருந்து. சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் தென்கிழக்கு மூலையில் ஹன்டர்ஸ் பாயின்ட் என்று ஓர் இடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே அமெரிக்கக் கடற்படையின் பெரிய கப்பல் தளம் இயங்கியது. தெற்கு மாநிலங்களின் நிறவெறியிலிருந்து தப்பி, வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். நகரத்தின் மற்ற பகுதிகளில் அவர்களுக்கு வீடு கிடைப்பது அரிது. வெள்ளையர் தெருவில் கறுப்பருக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த காலம் அது. நம்ம ஊர்ல பத்திரத்தில் எழுதுவதில்லை, வாயால சொல்லி அனுப்பிடுறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே தளத்தை ஒட்டிப் போர்க்காலத்தில் கட்டிய குடியிருப்புகளிலேயே அவர்கள் தங்கினார்கள். பேவியூ-ஹன்டர்ஸ் பாயின்ட் கறுப்பர் பகுதியாயிற்று. ஊருக்கு வெளியே சேரி எப்படி வந்ததோ அப்படித்தான்.

1946இல் பசிபிக் பெருங்கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அந்தக் கதிர்வீச்சு படிந்த கப்பல்கள் பல, கழுவிச் சுத்தம் செய்வதற்காக ஹன்டர்ஸ் பாயின்டுக்குக் கொண்டுவரப்பட்டன. மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடித்து, கப்பலின் மேல்தோலை உரித்தெடுத்தார்கள். உரிந்த தூசி எங்கே போகும்? மண்ணுக்கும் காற்றுக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்கும்தான். அதே தளத்தில் 1946 முதல் 1969 வரை கடற்படையின் கதிர்வீச்சு ஆய்வுக்கூடமும் இயங்கியது. 1974இல் தளத்தை மூடினார்கள். வேலையும் போயிற்று. நஞ்சு மட்டும் போகவில்லை. 1989இல் நாட்டிலேயே மிக மோசமாக நஞ்சேறிய இடங்களின் பட்டியலில், அதாவது 'சூப்பர்ஃபண்ட்' பட்டியலில், அந்த இடம் சேர்க்கப்பட்டது.

இங்கிருந்துதான் பொறியியல் நிறுவனத்தின் கதை. நகரத்தில் நிலத்தின் விலை ஏறிப்போயிற்று. அந்தத் தளத்தைச் சுத்தம் செய்து நகரத்திடம் ஒப்படைத்தால் 10,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டலாம் என்று திட்டம் போட்டார்கள். மண்ணில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று அளந்து, இருந்தால் தோண்டி அப்புறப்படுத்தும் வேலையைக் கடற்படை டெட்ரா டெக் என்ற பெரிய நிறுவனத்திடம் கொடுத்தது. 25 கோடி டாலருக்கு மேல் போன வேலை.

2012இல் கடற்படையே ஒன்றைக் கவனித்தது. ஓர் இடத்திலிருந்து எடுத்ததாகச் சொல்லி வந்த மண் மாதிரிகள் அந்த இடத்து மண் மாதிரி இல்லை. விசாரிக்க வேண்டும். யார் விசாரிப்பது? அந்த நிறுவனத்தையே விசாரித்து அறிக்கை தரச் சொன்னார்கள்! மாதிரிகள் சொன்ன இடத்திலிருந்து எடுக்கப்படவில்லை என்று 2014இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. சில ஊழியர்களுக்கு மறுபயிற்சி கொடுத்ததாகச் சொன்னார்கள். வேலை தொடர்ந்தது. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 2016இல் விதித்த அபராதம் எவ்வளவு தெரியுமா? 7,000 டாலர். 25 கோடி எங்கே, 7 ஆயிரம் எங்கே!

மாதிரிகள் மாற்றப்பட்டதை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கையில் பிடித்தவர்கள். 'கறைபட்ட மண் வந்தால் அதைப் போட்டுவிட்டு, நல்ல மண்ணை எடுத்து வந்து நிரப்பச் சொன்னார்கள்' என்று சாட்சியம் சொன்னார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட இரண்டு மேற்பார்வையாளர்களுக்கு 2018இல் நீதிமன்றம் தண்டனை விதித்தது. ஆளுக்கு 8 மாதச் சிறை. நிறுவனமோ, இது ஒருசில ஊழியர்கள் தாமாகச் செய்தது என்கிறது. அமெரிக்க அரசாங்கம் அந்த நிறுவனத்தின் மீதே பொய்க் கணக்கு காட்டியதாக வழக்குத் தொடுத்தது.

அளந்த கணக்குகள் என்ன ஆயிற்று? சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பரிசீலித்தது. ஒரு பகுதியில் 90 விழுக்காடும் இன்னொரு பகுதியில் 97 விழுக்காடும் அளவை செய்த இடங்கள் நம்பத்தகாதவை, மறுபடி மாதிரி எடுக்க வேண்டும் என்றது. நூற்றுக்கு மூன்றுதான் நம்பலாம்! இதுபோக, 2004லேயே 'இங்கே ஆபத்தில்லை' என்று நகரத்திடம் ஒப்படைத்து, வீடுகள் கட்டி, ஜனங்கள் குடியேறியும் விட்ட இன்னொரு பகுதி இருக்கிறது. 2018 செப்டம்பரில் அங்கே, வீடுகளுக்குப் பக்கத்துப் புல்சரிவில், ஓர் அடிக்கும் குறைவான ஆழத்தில் ஒரு பொருள் கிடைத்தது. கப்பல் தளத்தில் இருட்டில் வழி தெரிய ஒட்டும், ரேடியம் பூசிய வில்லை.

மகாடில் நல்ல தண்ணீரைத் தீட்டு என்றார்கள். ஹன்டர்ஸ் பாயின்டில் நஞ்சேறிய மண்ணைச் சுத்தம் என்றார்கள். இரண்டும் ஒரே அதிகாரம்தான்.  தீர்ப்பு எழுதுகிறவனின் பிள்ளை அந்த மண்ணில் விளையாடப் போவதில்லை.

தோழர்களே, இதை ஒரு நிறுவனத்தின் திருட்டுத்தனம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நாம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஏற்பாட்டைப் பாருங்கள். நஞ்சாக்கியது யார்? கடற்படை, அதாவது அரசு. சுத்தம் செய்ய ஆளமர்த்தியது? அதே கடற்படை. தோண்டுவது நிறுவனம். தோண்டிய இடம் சுத்தமாயிற்றா என்று மாதிரி எடுப்பதும் அதே நிறுவனம். மாதிரியில் நஞ்சு தெரிந்தால் இன்னும் தோண்ட வேண்டும், இன்னும் நாளாகும். மொத்தமாய் இவ்வளவு என்று தொகை பேசியிருந்தால், கூடுதலாய்த் தோண்டுகிற ஒவ்வொரு லோடும் அவனுக்கு நஷ்டம். ஆக, பரீட்சை எழுதுகிறவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்து, ஃபெயில் ஆனால் உன் காசு போகும் என்றும் சொல்லிவிட்டால் எவன் ஃபெயில் ஆவான்?

சிலர் சொல்வார்கள்: நல்ல நிறுவனமாகப் பார்த்து, தகுதி பார்த்து அமர்த்தியிருக்க வேண்டும் என்று. அமெரிக்காவில் அதற்கென்றே 1972இல் புரூக்ஸ் சட்டம் என்று ஒன்று வந்தது. மத்திய அரசின் பொறியியல் வடிவமைப்பு வேலைகளுக்கு முதலில் தகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, விலையைப் பிறகு பேசுவது. குறைந்த விலை கேட்டவனுக்கே டெண்டர் என்பதைவிட இது மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் 'தகுதி, திறமை' என்ற சொற்கள் நமக்குப் பழக்கமானவை. 1990இல் மண்டல் பரிந்துரைக்கு எதிராகத் தெருத்தெருவாகக் கத்தப்பட்ட சொற்கள் அவை. யாருடைய தகுதி? யார் போட்ட மதிப்பெண்? நாற்பது வருஷமாக அந்த மண்ணோடு வாழ்கிறவர்கள் தகுதி பார்க்கும் குழுவில் இருந்தார்களா? அவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பார்க்கப்படும் தகுதி, ஆவணத்தின் தகுதியே தவிர வேலையின் தகுதி அல்ல.

அப்படியானால் வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. அதையும் கறுப்பின மக்களே காட்டியிருக்கிறார்கள். இது இரண்டாவது சான்று.

வட கரோலினா மாநிலத்தில் வாரன் கவுன்டி. ஏழைக் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த விவசாயப் பகுதி. 1978இல், டிரான்ஸ்ஃபார்மரில் ஊற்றும் பிசிபி என்ற நச்சு எண்ணெயைச் செலவில்லாமல் ஒழித்துக்கட்ட நினைத்தவர்கள், இரவு நேரங்களில் 240 மைல் சாலையோரங்களில் 31,000 கேலன் எண்ணெயைத் திறந்துவிட்டுப் போனார்கள். அந்த மண்ணையெல்லாம் சுரண்டியெடுத்த மாநில அரசு அதைப் புதைக்க ஓர் இடம் தேடியது. மாநிலம் முழுக்கத் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தது வாரன் கவுன்டியை! கொஞ்சம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும் நிலம் அது. கிணற்றை நம்பி வாழ்கிற ஜனங்கள். 1982இல் லாரிகள் வந்தபோது மக்கள் சாலையில் படுத்தார்கள். 500க்கும் மேற்பட்ட கைதுகள். லாரிகள் நிற்கவில்லை, மண் புதைக்கப்பட்டது. ஆனால் சுற்றுச்சூழல் நீதி என்ற சொல்லுக்கு உலகம் முழுக்க உயிர் கொடுத்தது அந்தப் போராட்டம். நஞ்சும் நிறவெறியும் ஒன்றாய்ப் பயணம் செய்கின்றன என்று அதற்குப் பிறகுதான் ஆய்வுகள் வந்தன; 1983இல் அரசின் தணிக்கை அலுவலகமே ஓர் அறிக்கை கொடுத்தது.

தோற்றுப்போன போராட்டம் என்று முடித்துவிட முடியாது. நஞ்சை அழிக்கும் தொழில்நுட்பம் வந்ததும் சுத்தம் செய்து தருகிறேன் என்று அன்றைய ஆளுநர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை மக்கள் மறக்கவில்லை. 1993இல் புதைகுழிக்குள் லட்சக்கணக்கான கேலன் தண்ணீர் தேங்கியிருப்பது தெரியவந்தது. அரசு சொன்னது: தண்ணீரை இறைத்துவிடுகிறோம், கவலைப்படாதீர்கள். மக்கள் சொன்னார்கள்: உங்க இன்ஜினியர் சொல்றதை நாங்க நம்பணும்னா, எங்க இன்ஜினியர் ஒருத்தர் பக்கத்துல உட்காரணும். அவரை நாங்க தேர்ந்தெடுப்போம், சம்பளம் நீங்க கொடுக்கணும். மக்களும் அரசு அதிகாரிகளும் சேர்ந்த கூட்டுக் குழு ஒன்று அமைந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அறிவியல் ஆலோசகர்கள் அரசுச் செலவில் அமர்த்தப்பட்டார்கள். எந்த முறையில் சுத்தம் செய்வது என்பதே அந்தக் குழுவில் பேசி முடிவாயிற்று. வேறொரு ஏழை ஊருக்கு லாரியில் ஏற்றி அனுப்புவது இல்லை; அங்கேயே மண்ணைச் சூடாக்கி நஞ்சைப் பிரித்தெடுப்பது. 2003 வாக்கில் வேலை முடிந்தது. ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் டாலர் செலவு. இருபது வருஷப் போராட்டம்.

வாரனிலும் கடைசியில் வேலை செய்தது ஓர் ஒப்பந்த நிறுவனம்தான். நிறுவனம் இல்லாமல் போய்விடவில்லை. அதன் தலைக்கு மேலே மக்கள் இருந்தார்கள் என்பதுதான் வேறுபாடு. இதுபோன்ற போராட்டங்களின் அழுத்தத்தில்தான், சூப்பர்ஃபண்ட் இடங்களில் வாழும் மக்கள் தமக்கென ஒரு தொழில்நுட்ப ஆலோசகரை அமர்த்திக்கொள்ள 50,000 டாலர் வரை மானியம் தரும் ஏற்பாடு 1986இல் அந்த நாட்டுச் சட்டத்தில் ஏறியது. ஒன்றையும் மறந்துவிடக் கூடாது: 1994இல் கிளின்டன் பிறப்பித்த சுற்றுச்சூழல் நீதி ஆணையை 2025 ஜனவரியில் டிரம்ப் ஒரே கையெழுத்தில் ரத்து செய்தார். பெற்ற உரிமையைக் காவல் காக்காவிட்டால் அது போய்விடும்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். போபால். 1984 டிசம்பர் 2 இரவு பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த யூனியன் கார்பைடு தொழிற்சாலை நின்ற நிலம் 1998இல் மத்தியப் பிரதேச அரசிடம் திரும்பி வந்தது. ஆக, இதுவும் அரசு இடம்தான். தொழிற்சாலை வளாகத்தில் கிடந்த கழிவில் ஒரு பகுதியைப் பொறுக்கி மூட்டை கட்டி ஒரு கொட்டகையில் அடுக்கினார்கள். அதை எங்கே எரிப்பது? குஜராத் முடியாது என்றது. நாக்பூரில் எதிர்ப்பு. விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்ன ஜெர்மன் நிறுவனம் 2012இல் பின்வாங்கியது. கடைசியில் 2025 ஜனவரி முதல் வாரத்தில், 12 கன்டெய்னர் லாரிகளில் 337 டன் கழிவு, 250 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பீத்தம்பூருக்குப் போனது. தொழிலாளர்கள் நிறைந்த ஊர். பக்கத்திலேயே கிராமம். அந்த ஜனங்களைக் கேட்டீர்களா? கேட்கவில்லை. எதிர்ப்புப் போராட்டத்தில் இரண்டு பேர் தீக்குளிக்க முயன்றார்கள். தனியார் நிறுவனம் நடத்தும் உலையில் ஜூன் மாத இறுதிக்குள் எரித்து முடித்தார்கள். திட்டச் செலவு 126 கோடி ரூபாய். எரித்ததில் கழிவு மறைந்துவிட்டதா? சுண்ணாம்பும் மற்றதும் சேர்ந்து, எரித்ததைவிட இரண்டு மடங்குக்கும் அதிக எடையில் சாம்பல் மிஞ்சியது. அதையும் எங்கேயாவது புதைக்க வேண்டும்.

போபால் சுத்தமாகிவிட்டது என்று செய்தி போட்டார்கள். 2010இல் அரசு ஆய்வு நிறுவனங்களே போட்ட கணக்குப்படி அங்கே நஞ்சேறிய மண் 11 லட்சம் டன். நகர்ந்தது 337 டன். மீதி மண்ணின் மேல், கெட்டுப்போன நிலத்தடி நீரின் மேல், உழைக்கும் ஏழைகளின் குடியிருப்புகள் இருக்கின்றன. ஓர் ஏழை ஊரின் நஞ்சில் ஒரு துளியை எடுத்து இன்னோர் ஏழை ஊரில் வைத்ததற்குப் பெயர் சுத்தமா?

ஒப்பந்தம் என்ற ஏற்பாடு நமக்குப் புதிது அல்ல. பாதாளச் சாக்கடையில் இறங்கிச் சாகிறவன் எந்தச் சாதி என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அரசு நிறுவனம் காண்ட்ராக்டருக்குக் கொடுக்கும். காண்ட்ராக்டர் சப்-காண்ட்ராக்டருக்குக் கொடுப்பான். நம்ம ஆள் உள்ளே இறங்குவான். செத்தபிறகு, "அவர் எங்கள் ஊழியர் இல்லை" என்று மூன்று பேரும் சொல்வார்கள். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் மலக்குழியில் மனிதனை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. செத்தால் 30 லட்சம் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாவு நின்றுவிட்டதா? ஒப்பந்தம் என்பது வேலையை மட்டும் கைமாற்றுவதில்லை. பொறுப்பையும் பழியையும் கீழே கீழே தள்ளிவிட்டு, லாபத்தை மட்டும் மேலே நிறுத்திக்கொள்கிறது. சாதியின் அமைப்பும் அதுதானே?

அதனால் நாம் என்ன கேட்க வேண்டும்? ஐந்து விஷயங்கள் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, சுத்தம் செய்கிறவன் வேறு, சோதிக்கிறவன் வேறாக இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே கையிலிருந்து பணம் போகக் கூடாது.

இரண்டு, அந்த இடத்தில் வாழ்கிற மக்கள் தேர்ந்தெடுக்கும் நிபுணர் ஒருவர், அரசுச் செலவில், டெண்டர் எழுதும் நாளிலிருந்தே உட்கார வேண்டும். வேலை முடிந்தபிறகு கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவது சாமி புறப்பட்டுப் போனபிறகு தேங்காய் உடைக்கிற கதை.

மூன்று, ஒப்பந்தமும் ஆய்வக அறிக்கையும் மக்கள் பேசும் மொழியில், கையெழுத்தாவதற்கு முன்பே வெளியாக வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005லேயே வந்தாயிற்று. அந்தச் சட்டப்படி அரசு தானாகவே வெளியிட வேண்டியதைக்கூட நாம் மனுப் போட்டுப் பிச்சை கேட்க வேண்டியிருக்கிறது.

நான்கு, தோண்டியெடுத்தது எங்கே போகிறது? அந்த ஊர் சம்மதித்ததா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத எந்தச் சுத்திகரிப்பும் இன்னொரு சேரியின் மீது நடக்கும் தாக்குதல்தான்.

ஐந்து, மண்ணைத் தொடுகிற தொழிலாளிக்கு நேரடி வேலை, பாதுகாப்புக் கவசம், அவர் கையிலேயே மருத்துவப் பதிவேடு, உண்மையைச் சொன்னால் வேலை போகாது என்ற உத்தரவாதம். ஹன்டர்ஸ் பாயின்டில் உண்மையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் கருவி பிடித்த தொழிலாளர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக, இங்கே பொறியியலும் வேதியியலும் படிக்கிற தோழர்களுக்கு. நம் வீட்டில் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்குகிறீர்கள். நாளைக்கு இதே நிறுவனங்களில் உங்களுக்கு வேலை கிடைக்கலாம். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுப்பு எரிய வேண்டும். ஆனால் ஒரு மண் மாதிரியை எப்படி எடுப்பது, எப்படி முத்திரையிடுவது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று எப்படிப் பதிவது, ஆய்வக அறிக்கையில் எந்தக் கட்டத்தில் பொய் ஒளிந்திருக்கும் என்பதையெல்லாம் நம் தெருவுக்கும் கற்றுக்கொடுங்கள். வாரன் மக்கள் வெளியிலிருந்து நிபுணரைத் தேட வேண்டியிருந்தது. நமக்கு நம் வீட்டுக்குள்ளேயே நிபுணர்கள் உருவாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இயக்கத்தோடு நிற்கிறார்களா என்பதுதான் கேள்வி.

எது அழுக்கு என்று ஆயிரம் வருஷமாக அவர்கள் சொன்னார்கள், நாம் அள்ளினோம். இனி எது சுத்தம் என்பதை நாம் சோதித்துச் சொல்வோம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நம் கையும் இருக்கட்டும்.

ஜெய் பீம்.